நார்வேக்காரர்களின் 80/20: யாரை அளந்தார்கள், எதை எண்ணினார்கள்?

காலைநடை

எல்லாருக்கும் வணக்கம். வயது 45. வாரத்துக்கு நாலு நாள், மொத்தம் நாலு மணி நேரம் ஓடுகிறேன். 10 கிலோமீட்டர் நேரம் ரொம்ப காலமாக அதே இடத்தில் நிற்கிறது.

எங்கள் குழுவில் பாதிப் பேர் "நார்வே முறைப்படி 80 சதவீதம் மெதுவாக ஓடு, மீதி 20 தான் கடினம்" என்கிறார்கள். மற்ற பாதி "அதே நார்வேக்காரன்தான் 4x4 (நாலு நிமிட வேக ஓட்டம், நாலு தடவை) கொடுத்தான், மெதுவாக ஓடி நேரத்தை வீணாக்காதே" என்கிறது. இரண்டு பேரும் ஆய்வு ஆய்வு என்றே சொல்கிறார்கள். ஒரே நாட்டிலிருந்து எதிரெதிராக இரண்டு முடிவு எப்படி வந்தது? மூலக் கட்டுரைகளைப் படித்தவர்கள் யாராவது விளக்க முடியுமா? வாட்ச் நிறுவனத்தின் விளம்பரச் சுட்டி மட்டும் வேண்டாம்.

மலையடிவாரம்

அந்த 80 சதவீதக் கணக்கு வந்ததே நார்வே பனிச்சறுக்கு வீரர்கள்கிட்டருந்து. பனிச்சறுக்கு ஓட்டுறவனுக்கு அதுதான் பொழப்பு. காலைல ரெண்டு மணி நேரம், சாயங்காலம் ரெண்டு மணி நேரம். அவன் 80 சதவீதம் மெதுவாப் போறான்னா, எல்லாத்தையும் வேகமாப் போனா செத்துருவான், அதனால போறான். இதுல என்னங்க ஆராய்ச்சி? நமக்கு வாரத்துக்கு நாலு மணி நேரம். நாலையும் அழுத்தி ஓடுனாத்தான் ஏதாவது நடக்கும்.

சேந்தன்

மலையடிவாரம் சொல்வதில் பாதி சரி. பாதியை அப்படியே விட முடியாது. விளையாட்டு உடலியங்கியல் படித்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

80/20 என்ற பேச்சின் வேர் ஸ்டீஃபன் சைலர். அமெரிக்கர். 1990களில் நார்வேக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். தென்கோடியில் கிறிஸ்டியான்சாண்ட் நகரம், ஆக்டர் பல்கலைக்கழகம். அமெரிக்கப் பாடத்தில் கற்றது, லாக்டேட் வாசலை (வேகம் கூடும்போது இரத்தத்தில் லாக்டேட் என்ற பொருள் சேரத் தொடங்கும் எல்லை) ஒட்டிய வேகத்தில் பயிற்சி செய்தால்தான் தாங்குதிறன் ஏறும் என்பது. போன இடத்தில், தேசிய அணித் தரத்தில் இருந்த ஒரு வீராங்கனை காட்டுப்பாதையில் ஓடி வந்து, மேடு வந்ததும் ஓட்டத்தை நிறுத்தி நடந்து ஏறியதைப் பார்த்ததாகத் தன் உரைகளில் சொல்வார். மேடு ஏறத் தெம்பில்லாமல் இல்லை. அன்றைக்கு விதித்த தீவிரத்தைத் தாண்டக்கூடாது என்பதற்காக.

பிறகு அளந்தார்கள். 2006-ல் சைலரும் ஷெர்லாண்டும் வெளியிட்ட கட்டுரை. 17, 18 வயது நார்வே பனிச்சறுக்கு வீரர்கள், 32 நாள் பயிற்சி. முதலில் ஒவ்வொருவரையும் ஆய்வகத்தில் ஓடவிட்டு, மூச்சுக் காற்றை அளந்து இரண்டு வாசல்களைக் குறித்தார்கள். முதல் வாசலுக்குக் கீழே ஆள் முழு வாக்கியமாகப் பேசலாம். இரண்டாவது வாசலுக்கு மேலே பேச்சு வராது. நடுவில் இருப்பதுதான் பிரச்சினைக்குரிய இடம், அதற்குப் பிறகு வருகிறேன்.

அப்புறம் இதயத்துடிப்பு, பயிற்சி முடிந்ததும் "இன்று எவ்வளவு கஷ்டம்" என்று அவர்களே போடும் மதிப்பெண், சில நாள்களில் இரத்த லாக்டேட் என மூன்று வழியில் பயிற்சியைப் பிரித்தார்கள். மூன்றும் ஏறக்குறைய ஒத்துப்போயின. சுமார் 75 சதவீதப் பயிற்சிகள் முதல் வாசலுக்குக் கீழே, 8 நடுவில், 17 மேலே. நடுப்பகுதி கிட்டத்தட்ட காலி. இரண்டு முனையிலும் குவிந்திருப்பதால் 'துருவப் பயிற்சி' என்று பெயர் வந்தது.

இது அவர்கள் செய்ததை அளந்த ஆய்வு. இப்படிச் செய்யவைத்து ஒப்பிட்ட ஆய்வு அல்ல. மலையடிவாரம் கேட்கவேண்டிய கேள்வி இதுதான், ஆனால் கேட்கவில்லை :)

மலையடிவாரம்

சரி, கேட்டுட்டேன்னு வெச்சுக்குங்க. இன்னொண்ணு: "75 சதவீதப் பயிற்சிகள்"னு எழுதிருக்கீங்க. நேரமா, தடவையா? ஒரு நாள் அஞ்சு நிமிஷ இன்டர்வெல் நாலு போட்டா மொத்தம் இருவதே நிமிஷம். வார்ம் அப், கூல் டவுன், நடுவுல ஆற்றது எல்லாம் மெதுவாத்தானே? அந்த நாளை "கடினம்" கணக்குல முழுசாச் சேத்தா நம்பர் ஒரு மாதிரி வரும், நிமிஷமா எண்ணுனா வேற மாதிரி வரும்.

சேந்தன்

இணையத்தில் 80/20 பற்றி எழுதும் பத்தில் ஒன்பது பேர் தவறவிடுவது இதைத்தான். சைலரின் கணக்கு தடவைக் கணக்கு. பயிற்சியின் நோக்கம் எதுவோ அதன்படி அந்த நாள் முழுவதும் ஒரு பெட்டியில் விழும். அதே பயிற்சியை நிமிடமாக எண்ணினால் மெதுப் பங்கு 90-ஐ ஒட்டி ஏறிவிடும்.

நல்ல உதாரணம் மாரிட் பியோர்கன். குளிர்கால ஒலிம்பிக்கில் 15 பதக்கம், அதில் 8 தங்கம். அவருடைய 17 ஆண்டுப் பயிற்சிக் குறிப்பேட்டை நார்வே ஆய்வாளர்கள் 2017-ல் கட்டுரையாக்கினார்கள். உச்சத்தில் இருந்த ஐந்து ஆண்டுகளில் ஆண்டுக்குச் சுமார் 940 மணி நேரம். தாங்குதிறன் பயிற்சி நேரத்தில் 92.3 சதவீதம் மெது, 2.9 நடு, 4.8 கடினம். இது நேரக் கணக்கு.

காலைநடை, இப்போது உங்கள் கணக்கைப் போடுங்கள். நாலு நாளில் ஒரு நாள் 4x4 என்றால் தடவைக் கணக்கில் 25 சதவீதம் கடினம். நிமிடக் கணக்கில் 240-ல் 16, ஏழு சதவீதம்கூட இல்லை. ஒரே வாரம்தான். ஒரு கணக்கில் 80/20-ஐ மீறிவிட்டீர்கள், இன்னொன்றில் பியோர்கனுக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள். உங்கள் குழுவில் சண்டை போடும் இரண்டு பாதிகளும் ஒருவேளை ஒரே அட்டவணையைத்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன.

வடதுருவன்

வணக்கம். நான் ட்ரொண்ட்ஹெய்மில இருக்கிறன். 4x4 பிறந்த ஊர் எண்டபடியால் கொஞ்சம் சொல்லலாம்.

நீங்கள் 'நார்வே' எண்டு ஒண்டாச் சொல்லுறியள். இஞ்ச ரெண்டு மூண்டு குழு. சைலர் தெற்கில. எங்கட ஊரில பல்கலைக்கழகத்தில யான் ஹோஃப், யான் ஹெல்கெருட், உல்ரிக் விஸ்லோஃப் எண்ட ஆக்கள். அவையளின்ர கேள்வியே வேற. சைலர் "வெண்டவன் என்ன செய்தவன்" எண்டு பாத்தவர். இவையள் "ஒரே அளவு வேலையை நாலு விதமாக் குடுத்தால் எது கூட ஏத்தும்" எண்டு சோதிச்சவை.

2007-ல வந்தது ஹெல்கெருட்டின்ர கட்டுரை. 40 ஆம்பிளையள், எட்டு கிழமை, கிழமைக்கு மூண்டு நாள். ஒரு குழு 45 நிமிசம் உச்சத்துடிப்பில 70 சதவீதத்தில ஓட்டம். ரெண்டாவது 85 சதவீதத்தில 24 நிமிசச் சொச்சம். மூண்டாவது 15 செக்கன் வேகம், 15 செக்கன் மெது. நாலாவது 4x4, 90 இலிருந்து 95 சதவீதம், இடையில மூண்டு நிமிசம் 70 இல. மொத்த வேலை நாலு குழுவுக்கும் சமன். விஓ2 மேக்ஸ் (உடம்பு உச்சத்தில பாவிக்கக்கூடிய ஒட்சிசன் அளவு) 4x4 குழுவுக்கு 7.2 சதவீதம் ஏறினது, 15/15 குழுவுக்கு 5.5. மற்ற ரெண்டு குழுவுக்கும் சொல்லிக்கொள்ளிற மாதிரி ஏறேல்லை.

அதைப் பாத்திட்டுத்தான் "மெதுவா ஓடுறது வீண்" எண்டு ஆக்கள் கதைக்கினம். ஆனால் எட்டுக் கிழமை எண்டதைக் கவனியுங்கோ. அளந்தது விஓ2 மேக்ஸ், போட்டி நேரமில்லை. பனிச்சறுக்குப் பிள்ளையள் பத்து வருசமாச் செய்யிற வேலையை எட்டுக் கிழமையால அளக்கேலாது.

செய்து பாத்த ஆளாச் சொல்லுறன், ஒழுங்கான 4x4 லேசில்லை. முதல் நாலு நிமிசத்தில, முதல் ஒண்டரை நிமிசம் துடிப்பு மேல வரவே நேரம் எடுக்கும். அந்த நேரத்தில "இது காணாது" எண்டு டிரெட்மில் வேகத்தைக் கூட்டினால் மூண்டாவது சுற்றில காலியாகிடுவியள். இஞ்ச சொல்லித் தாறவை, நாலாவது முடியேக்க இன்னுமொண்டு கஷ்டப்பட்டுச் செய்யலாம் எண்ட நிலையில இருக்கவேணும், ரெண்டு செய்யலாம் போல இருந்தால் மெதுவாப் போட்டியள் எண்டு.

தாமரை_பயிற்சி

சேந்தன் "செய்யவைத்து ஒப்பிட்ட ஆய்வு அல்ல" என்றார். செய்யவைத்து ஒப்பிட்டதும் உண்டு, ஸ்பெயினில். 2007, எஸ்தேவே-லனாவ் குழு. மண்டல அளவில் ஓடும் 12 பேர், ஐந்து மாதம். இரண்டு குழுவுக்கும் மொத்தப் பளு ஒன்று. ஒரு குழு நேரத்தில் 80 சதவீதம் மெது, 12 நடு. இன்னொன்று 67 மெது, 25 நடு. கடினப் பங்கு இரண்டுக்கும் 8 தான். கடைசியில் 10.4 கிலோமீட்டர் ஓட்டம். மெதுவைக் கூட்டிய குழுவுக்குச் சராசரியாக 157 வினாடி குறைந்தது, நடுவைக் கூட்டிய குழுவுக்கு 121 சொச்சம்.

பிறகு 2014-ல் முன்யோஸ் குழு இதையே பொழுதுபோக்கு ஓட்டக்காரர்களிடம் பத்து வாரம் செய்து பார்த்தது. துருவக் குழு 10 கிலோமீட்டரில் 5 சதவீதம் முன்னேறியது, நடுக் குழு 3.6. புள்ளியியல்படி வித்தியாசம் உறுதியாகவில்லை. நம்மைப் போன்றவர்களுக்கு நெருக்கமான ஆய்வு இதுதான். இதை யாரும் சட்டையில் அச்சடிப்பதில்லை.

நான் ஓட்டக்காரர்களுக்குப் பயிற்சி கொடுப்பவள். காலைநடை போல "நேரம் நின்றுவிட்டது" என்று வருகிறவர்களின் வாட்ச் பதிவை வாங்கிப் பார்ப்பேன். திங்களன்று 'மெது' என்று எழுதியிருக்கும், துடிப்பு 158. புதனன்று 'டெம்போ' (வேக ஓட்டம்), துடிப்பு 163. ஞாயிறு லாங் ரன், துடிப்பு 157. எல்லா நாளும் ஒரே நாள். குழுவோடு ஓடுகிறவர்களுக்கு இது இன்னும் மோசம், ஏனென்றால் முன்னால் போகிறவரை விட்டுப் பிரிய மனசு வராது. ஆயிரம் பேர் பந்திக்குப் போட்ட உப்புக் கணக்கை விகிதம் போட்டு நாலு பேர் சமையலுக்கு எடுக்க முடியாது. அதனால் 80, 20 என்ற எண்களை நான் யாரிடமும் சொல்வதில்லை. திங்கள்கிழமைத் துடிப்பைத்தான் முதலில் இறக்கச் சொல்வேன்.

காலைநடை

தாமரை அக்கா, என் பதிவை எப்போது பார்த்தீர்கள்?! திங்கள் 158 இல்லை, 160.

மலையடிவாரம்

எல்லாம் சரி. அப்ப யாகோப் இங்கெப்ரிக்ட்சன்? டோக்கியோவுல 1500 மீட்டர் தங்கம், பாரிஸ்ல 5000 மீட்டர் தங்கம். அவரும் நார்வேதான். அவர் பயிற்சி முழுக்க நீங்க "பிரச்சினைக்குரிய இடம்"னு சொன்ன அந்த நடுப்பகுதிலதானே? ஒரே நாள்ல காலைலயும் சாயங்காலமும் வாசலை ஒட்டி ஓடுறாங்க. சைலர் தியரி அங்கயே உடைஞ்சு போச்சே.

வடதுருவன்

உது நல்ல கேள்வி. அந்த முறைக்கு வழி போட்டவர் மாரியுஸ் பாக்கன். 5000 மீட்டரை 13 நிமிசம் 6 செக்கனில ஓடினவர், பிறகு டொக்டர். தன்ர உடம்பில ஆயிரக்கணக்கில லாக்டேட் சோதனை செய்து பாத்தவர். கிழமையில ரெண்டு நாள் ரெட்டை வாசல் பயிற்சி. காலமை ஆறு நிமிசத் துண்டுகள் மாதிரி நீளமானது, பின்னேரம் 400 மீட்டரோ 1000 மீட்டரோ கன தரம். ஆனால் வேகத்தை வாட்ச் தீர்மானிக்கிறேல்லை, ஊசி தீர்மானிக்குது.

அது எப்பிடியெண்டால்: ஒரு துண்டு ஓடி வந்து நிண்டவுடன விரலையோ காதுச் சோணையையோ துடைச்சு, குத்தி, முதல் துளியைத் துடைச்சு எறிஞ்சுபோட்டு ரெண்டாவது துளியைத்தான் சோதனைப் பட்டையில எடுப்பினம். வியர்வையிலயும் லாக்டேட் இருக்கு, முதல் துளியில கலந்தால் எண் பொய்யா ஏறிக் காட்டும். சில செக்கனில விடை வரும். மூண்டுக்கு மேல நாலை நோக்கிப் போனால் அடுத்த துண்டை மெதுவாக்குவினம். இதுதான் முக்கியம். சோதனை வேகத்தைக் கூட்டுறதுக்கில்லை, அடக்கிறதுக்கு.

ரெட்டை வாசல் நாளைத் தவிர்த்தால் மிச்சம் பெரும்பாலும் நல்ல மெது ஓட்டம். கிழமைக்கு 150 கிலோமீட்டருக்கு மேல ஓடுற ஆளுக்கு அந்த மெதுப் பங்கு எவ்வளவு பெரிசு எண்டு பாருங்கோ.

சேந்தன்

மலையடிவாரம் சொல்வதில் விஷயம் இருக்கிறது. இங்கெப்ரிக்ட்சன் அட்டவணை துருவ வடிவம் இல்லை, கூம்பு வடிவம்: அடியில் மெது, அதற்கு மேல் நடு, உச்சியில் கொஞ்சம் கடினம். உலகத்தரத் தூர ஓட்டக்காரர்களில் நிறையப் பேருடையது கூம்புதான். 'துருவமே சிறந்தது' என்று அடித்துச் சொல்ல ஆதாரம் போதாது. அடித்தளம் மெது என்பதில் மட்டும் இரண்டு தரப்புக்கும் சண்டை இல்லை.

நடுப்பகுதி ஏன் சந்தேகத்துக்கு ஆளானது என்பதற்கு ஒரு நல்ல சோதனை உண்டு. 2007, மறுபடி சைலர் குழு. நன்கு பயிற்சி பெற்றவர்களை வெவ்வேறு தீவிரத்தில் ஓடவிட்டு, நிறுத்தியபின் இதயத்துடிப்பின் ஏற்ற இறக்கம் எவ்வளவு நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்புகிறது என்று பார்த்தார்கள். நரம்பு மண்டலம் எவ்வளவு உலுக்கப்பட்டது என்பதற்கு அது ஒரு குறி. முதல் வாசலுக்குக் கீழே 60 நிமிடம் ஓடினாலும் 120 நிமிடம் ஓடினாலும் சில நிமிடங்களில் மீண்டுவிட்டது. வாசலைத் தாண்டியதும் தாமதமானது. நடுப்பகுதி ஓட்டத்துக்கும் மேல்பகுதி இன்டர்வெலுக்கும் தாமதம் கிட்டத்தட்ட ஒன்றே. மிதமாகத்தானே ஓடினோம் என்று நாம் நினைக்கும் நாளுக்கு, உடம்பு கடின நாளின் விலையை வாங்கிவிடுகிறது.

பாக்கன் முறை இதற்கு முரண் என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நடுப்பகுதியில் எங்கே நிற்கிறோம் என்று ஒவ்வொரு துண்டுக்கும் இரத்தம் எடுத்துப் பார்க்கிறவர் வேறு, தெரியாமல் வழுக்கி விழுகிறவர் வேறு.

இன்னொரு சுவாரசியம். 4x4 ஊர்க்காரர் கோபிக்கக் கூடாது. 2013-ல் சைலர் குழு 35 பொழுதுபோக்கு சைக்கிள் ஓட்டிகளை எடுத்து ஏழு வாரம் 4x4, 4x8, 4x16 என்று பிரித்தது. கட்டளை மூன்று குழுவுக்கும் ஒன்றுதான்: நாலு துண்டையும் முடிக்கிற அளவில் உன்னால் முடிந்த கடினம். இன்னொரு குழு மெது மட்டும். 4x4 காரர்கள் உச்சத்துடிப்பில் 94 சதவீதத்துக்குப் போனார்கள், 4x8 காரர்கள் 90, 4x16 காரர்கள் 88. மொத்தத்தில் அதிகம் முன்னேறியது 4x8 குழு. தீவிரத்தில் நாலு புள்ளி விட்டுக்கொடுத்து, கடின நேரத்தை இரட்டிப்பாக்கியவர்கள்.

வடதுருவன்

கோபமில்லை :) ஆனால் அது "முடிந்த அளவு கடினம்" எண்டு விட்டது. ஹெல்கெருட் 90 - 95 எண்டு கட்டிப்போட்டு, மொத்த வேலையைச் சமன் செய்தவர். ரெண்டையும் ஒரே தராசில வைக்கேலாது.

ஓய்வுபெற்றவன்62

தம்பிகளுக்கு வணக்கம். தொடர்ந்து படிக்கிறேன், முதல்முறை எழுதுகிறேன். எனக்கு ஸ்டென்ட் வைத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. தினமும் நடக்கிறேன். பீட்டா பிளாக்கர் மாத்திரை உண்டு. இதய நோயாளிகளுக்கும் இந்த 4x4 கொடுக்கிறார்கள் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். உண்மையா? என் வாட்சில் எவ்வளவு வேகமாக நடந்தாலும் 115-ஐத் தாண்டவில்லை.

சேந்தன்

ஐயா, கொடுத்தது உண்மை. ஆனால் முழுக் கதையையும் கேளுங்கள்.

2007-ல் விஸ்லோஃப் குழு மாரடைப்புக்குப் பின் இதயம் பலவீனமான 27 பேரை எடுத்தது, சராசரி வயது 75-க்கு மேல். 12 வாரத்தில் 4x4 செய்தவர்களின் உச்ச ஆக்சிஜன் பயன்பாடு 46 சதவீதம் ஏறியது, மிதமாக நடந்தவர்களுக்கு 14. உலகமே திரும்பிப் பார்த்தது. நீங்கள் பார்த்த காணொளி அதிலிருந்து வந்திருக்கும்.

27 பேர் போதாது என்று ஐரோப்பாவில் ஒன்பது மையங்களில் 261 இதயச் செயலிழப்பு நோயாளிகளை வைத்துச் செய்தார்கள். 2017-ல் முடிவு: மிதப் பயிற்சியை விட 4x4 மேல் என்று காட்டமுடியவில்லை. ஏன் என்று துடிப்புப் பதிவைப் பார்த்தபோதுதான் வேடிக்கை. கண்காணிப்பில் செய்தும், தீவிரக் குழுவில் 51 சதவீதம் பேர் விதித்த அளவுக்குக் கீழே இருந்தார்கள். மிதக் குழுவில் 80 சதவீதம் பேர் விதித்த அளவுக்கு மேலே போயிருந்தார்கள். காகிதத்தில் இரண்டு குழு, களத்தில் இரண்டும் நடுவில் வந்து கலந்துவிட்டன. தாமரை சொன்ன திங்கள்கிழமைத் துடிப்பு 158 ஆஸ்பத்திரிக்குள்ளும் நடந்திருக்கிறது.

ஆபத்து பற்றி: நார்வேயின் மூன்று இதய மறுவாழ்வு மையங்களில் 4,846 நோயாளிகளின் பயிற்சி நேரத்தைக் கூட்டிப் பார்த்தார்கள், 2012-ல் வெளியானது. மிதப் பயிற்சியில் சுமார் 1,29,000 மணி நேரத்தில் ஓர் இதயநிறுத்தம், அவர் இறந்தார். தீவிரப் பயிற்சியில் சுமார் 46,000 மணி நேரத்தில் இரண்டு, இருவரும் பிழைத்தார்கள். எண்ணிக்கை மிகக் குறைவு. ஆனால் அவை மருத்துவக் கண்காணிப்பில் நடந்த மணி நேரங்கள், கடற்கரைச் சாலையில் அல்ல.

உங்கள் 115-க்கு மாத்திரையே காரணமாக இருக்கலாம். பீட்டா பிளாக்கர் துடிப்பின் கூரையையே இறக்கிவிடும். அதனால் 220-இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் இதய மருத்துவரிடம் மாத்திரை எடுத்த நிலையிலேயே டிரெட்மில் சோதனை செய்து, "எந்த எண் வரை போகலாம்" என்று எழுதி வாங்குங்கள். அதுவரை பேச்சுச் சோதனை போதும்: நடக்கும்போது பக்கத்தில் வருபவரிடம் மூச்சிரைக்காமல் பேச முடிகிற வேகம். மாத்திரையை நீங்களாக நிறுத்திப் பார்க்கவே கூடாது.

வடதுருவன்

ஐயாவுக்கு இன்னுமொண்டு. எங்கட ஊரில 70 இலிருந்து 77 வயசு வரைக்குமான 1,567 பேரை அஞ்சு வருசம் பின்தொடர்ந்து பாத்தவை, 2020-ல முடிவு வந்தது. தீவிரக் குழுவில 3 சதவீதம் பேர் காலமானவை, மிதக் குழுவில 5.9, வழமையான அறிவுரை மட்டும் கேட்ட குழுவில 4.7. பாக்கப் பெரிய வித்தியாசம் மாதிரி இருக்கும், புள்ளியியல் கணக்கில உறுதியில்லை. அறிவுரைக் குழுவில இருந்த ஆக்களும் சும்மா இருக்கேல்லை, கன பேர் தாங்களாவே நல்லா நடந்தவை, சிலர் தீவிரமாயும் செய்தவை. இஞ்சத்தையக் கிழவர் கிழவியள் பனிக்காலத்திலயும் ஆணி வைச்ச சப்பாத்தோட மேடு ஏறுவினம். அப்பிடியான ஊரில ஆய்வு வைச்சால் ஒப்பிட ஆள் கிடைக்கிறதே கஷ்டம்.

ஓய்வுபெற்றவன்62

ரொம்ப நன்றி தம்பி. அடுத்த வாரம் செக்கப் இருக்கிறது, கேட்டு வாங்குகிறேன்.

மலையடிவாரம்

சேந்தன் சொன்ன 51க்கும் 80க்கும் நான் ஒத்துக்கறேன். அப்ப ஆராய்ச்சி ரிசல்ட்டே "சொன்னபடி யாரும் செய்யல"ங்கறதுதான். ஆனா ஒண்ணு. எனக்கு வாரத்துக்கு மூணு மணி நேரம்தான் கிடைக்குதுன்னா மெதுவைக் குறைச்சு ரெண்டு நாள் அழுத்துறதுல என்ன தப்பு? கனடாவுல மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்துல கிபாலா குழு 2016-ல காட்டுச்சே: 20 செகண்ட் முழு வேகம் மூணு தடவை, எல்லாம் சேத்துப் பத்தே நிமிஷம். 12 வாரத்துல 45 நிமிஷம் மிதமா மிதிச்ச குழுவுக்கும் இவங்களுக்கும் ஒரே மாதிரி விஓ2 மேக்ஸ் 19 சதவீதம் ஏறுச்சு.

தாமரை_பயிற்சி

தப்பே இல்லை. மூன்று மணி நேரம் என்றால் இரண்டு நாள் கடினம் என்றே நானும் கொடுப்பேன், மூன்றாவது நாள் உண்மையாகவே மெதுவாக இருந்தால். கிபாலா ஆய்வில் இருந்தவர்கள் அதற்கு முன் உட்கார்ந்தே இருந்த ஆண்கள். அவர்களுக்கு எது கொடுத்தாலும் ஏறும். நீங்கள் வருடக்கணக்காக ஓடுகிறவர். முழங்கால், குதிகால், ஆடுசதை என்று ஒரு பட்டியலும் உங்களிடம் இருக்குமே, அதையும் கூட்டிக் கழித்துக்கொள்ளுங்கள்.

காலைநடை

கடைசிக் கேள்வி. மெது என்றால் எனக்கு எந்த எண்? வாட்ச் 220 கழித்தல் 45, அதாவது 175 என்று உச்சத்தை எடுத்துக்கொண்டு மண்டலம் போடுகிறது. 130-க்குள் ஓடு என்கிறது. மே மாதத்தில் 130-க்குள் என்னால் நடக்கத்தான் முடிந்தது.

சேந்தன்

வாட்சின் 175-ஐ நம்பாதீர்கள். ட்ரொண்ட்ஹெய்ம் குழு மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஆரோக்கியமானவர்களை உச்சம் வரை ஓடவிட்டுப் போட்ட சூத்திரம்: 211-இலிருந்து வயதை 0.64-ஆல் பெருக்கிக் கழிப்பது. உங்களுக்கு 182. அதுவும் சராசரிதான், ஆளுக்கு ஆள் பத்துப் பதினொன்று மேலோ கீழோ போகும். உங்கள் உண்மையான உச்சம் 190 ஆக இருந்தால் வாட்ச் போட்ட மண்டலம் எல்லாமே ஒரு படி கீழே இறங்கியிருக்கும்.

தாமரை_பயிற்சி

மே மாதத்தில் எண்ணைப் பார்த்து ஓடவே கூடாது. வெயிலிலும் புழுக்கத்திலும் உடம்பு சூட்டை வெளியேற்றத் தோலுக்கு இரத்தம் அனுப்புகிறது, வியர்வையில் நீரும் போகிறது. அதே வேகத்துக்குத் துடிப்பு ஏறிக்கொண்டே போகும். 40 நிமிடத்துக்கு மேல் ஓடினால் வேகம் மாறாமலே பத்துத் துடிப்பு ஏறுவதை நீங்களே பார்க்கலாம். நார்வேப் பிள்ளைகளின் எண்கள் குளிரில் எடுத்தவை. நான் சொல்வது: முதல் 20 நிமிடம் துடிப்பைப் பாருங்கள், அதற்குப் பிறகு மூச்சைப் பாருங்கள். முழு வாக்கியம் வருகிறதா? வந்தால் சரி. நடக்க வேண்டியிருந்தால் நடங்கள், சைலர் பார்த்த வீராங்கனையே நடந்துதானே ஏறினார்.

மணிக்கட்டு வாட்ச் சில நேரம் துடிப்புக்குப் பதில் உங்கள் காலடியை எண்ணிக் காட்டும். மெதுவாக ஓடும்போது திடீரென்று 165, 170 என்று நிலையாக நின்றால் சந்தேகப்படுங்கள். மார்புப் பட்டை வாங்குவது நல்லது.

வடதுருவன்

உச்சத்துடிப்பை நீங்களே பாக்க இஞ்ச சொல்லித் தாற முறை இது. நல்லா வேர்க்க வார்ம் அப் செய்யுங்கோ. மேட்டிலயோ சாய்வு வைச்ச டிரெட்மில்லிலயோ நாலு நிமிசம் மூச்சு வாங்க ஓடுங்கோ, கதைக்கேலாத அளவு. மூண்டு நிமிசம் மெது. இன்னொரு நாலு நிமிசம். மறுபடி மெது. மூண்டாவதைத் துவங்கி ரெண்டு நிமிசம் போனதும் வேகத்தைக் கூட்டி, இனி ஏலாது எண்டு வாற வரைக்கும் போங்கோ. அப்ப பட்டை காட்டுற கூடின எண்தான் உங்கட உச்சம். காய்ச்சல் தடிமன் இருந்தால் செய்யவேண்டாம், தனியாச் செய்யவேண்டாம், விடியக்காலமை குளிர்ச்சியா இருக்கேக்க செய்யுங்கோ. ஓய்வுபெற்ற ஐயா, இது உங்களுக்கில்லை, நீங்கள் டொக்டரிட்ட எழுதி வாங்கிற எண்ணோட நில்லுங்கோ.